இரண்டு கோடியே எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தினமும் ஒரே எண்ணை வகுத்துக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வந்தது. காலை ஆறேகால் பஸ் அது. கள்ளக்குறிச்சியில் ஏறினால் கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு கல்வராயன் மலைப்பாதை, கடைசியில் வெள்ளிமலை. இரண்டு மணி நேரம். மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். போகும்போது இரண்டு மணி நேரம் தூங்கலாம் என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம். அதிலும் மண் விழுந்தது. அந்தப் பக்கத்து சீட்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதன்மேல் தினசரி காலண்டரில் கிழித்த முந்தின நாள் தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கணக்குப் போடுவார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் அவர் முழங்கை என் விலாவில் இடிக்கும்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கேட்டே விட்டேன்.

"இன்னாக்கா அது, தினமும் யாருக்கு லெட்டர் எழுதறீங்க?"

"லெட்டர் இல்லம்மா. வகுத்தல்."

"ஆபீஸ் கணக்கா?"

"வூட்டுக் கணக்கு."

எட்டிப் பார்த்தேன். தாளின் உச்சியில் 28278749 என்று இருந்தது. பக்கத்தில் 113. கீழே படிப்படியாகக் கழித்தல், கடைசியில் ஒரு மீதி, அதைச் சுற்றி ஒரு வட்டம். மறுநாள் அதே 28278749, பக்கத்தில் 127. அதற்கு மறுநாள் 131. எனக்குத் தலை சுற்றியது. மலைப்பாதை வளைவில் நாலு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷி குனிந்து எட்டு இலக்கத்தை மூன்று இலக்கத்தால் வகுக்கிறார் என்றால் அந்த வயிறு எதால் ஆனதோ.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. மலையில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். ஃபைல் தூக்குவது, டீ வாங்கி வருவது, மணியடித்தால் ஓடுவது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் கிடைத்த வேலை. பிளஸ் டூ வரைக்கும்தான் படிப்பு. பேச்சு கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. ஏதோ யோசனையிலேயே இருப்பார். இறங்க வேண்டிய இடத்தில் நான் தோளைத் தட்டினால்தான் இறங்குவார்.

எதாலும் வகுபடாத பகா எண்ணை அவர் ஒண்டிக்கட்டை என்பார். வகுபடுகிற எண் குடும்பஸ்தன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டும்போதே, "இது எப்டிக்கா, ஒண்டியா குடும்பமா?" என்பார். அக்கா ஒரு பார்வை பார்த்து, "குடும்பம். ஒம்போதால போவுது," என்றோ, "தெரிலப்பா, அணைக்குள்ள சொல்றேன்," என்றோ சொல்வார். அணை வருவதற்குள் சொல்லியும் விடுவார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு இது ஒரு பொழுதுபோக்காக ஆகிவிட்டது.

அதிலே ஒரு கூத்து நடந்தது. மலைச் சந்தைக்கு மளிகை மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிற வியாபாரி ஒருவர், தன் செல்போன் நம்பரை எழுதிக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா ஆசையாக வாங்கிப் போட்டுப் பார்த்து, "மூணால போவுதுங்க, பதிமூணாலயும் போவுது," என்றார். அந்த மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. பதிமூணா, அதான் வியாபாரம் படுத்துக்கிச்சு, சிம்மை மாத்திடட்டுமா என்று ஆரம்பித்தார். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"எண்ணு மேல பழி போடாதீங்க. எதால உடைவேன்னு கேட்டா அது சொல்லும். உங்க பொழப்பு எப்ப விடியும்னு அதுக்கு இன்னா தெரியும்?"

அவர் கேட்டால்தானே. அடுத்த சந்தைக்குப் புது சிம்மோடு வந்து நின்றார். அக்கா அந்த நம்பரைத் தொடக்கூட மாட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஆறாத கேள்வி, அந்த 28278749 யார் என்பது. ஐப்பசி மாதம் ஒரு நாள் மேகம் ரொம்பவும் கீழே இறங்கியிருந்தது. பாதி மலையில் டிரைவர் விளக்கைப் போட்டு, ஊர்ந்துகொண்டே போனார். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து சீட்டுக் கம்பியெல்லாம் ஈரம். முன்சீட்டில் ஒரு பெண் வைத்திருந்த கடுக்காய் மூட்டையின் வாசனை மட்டும் கெட்டியாக நின்றது. அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, தாமாகவே சொன்னார்.

அவருக்கு ஒரே தம்பி. கணக்குப் பாடம் எடுத்துப் பட்டம் வாங்கினவன். அப்பாவுக்கு அப்புறம் அக்காதான் அவனுக்கு எல்லாம், அவன்தான் அக்காவுக்கு எல்லாம். இருபத்தொன்பது வயதில் கிட்னி இரண்டும் கெட்டுப்போய் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்வார்கள். அப்படி ஒரு நாள் படுத்தபடியே, செல்போனில் ஏதோ தட்டிப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் இந்த எட்டு இலக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறான். கூடவே, தன் பழைய புத்தகத்திலிருந்து இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். பகா எண்களின் பட்டியல். இரண்டில் தொடங்கி, பொடி எழுத்தில், இரண்டு பக்கம் முழுக்க எண்கள்.

"இது உடையுமான்னு பாருக்கா. ஒரு நாளைக்கு ஒரு எண்ணுதான் போடணும். போன்ல போடக் கூடாது. அவசரப்படக் கூடாது."

"உடையுமாடா?" என்று அக்கா கேட்டதற்குச் சிரித்தானாம். பத்து நாளில் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, காலண்டர் தாளைக் கிழித்தபோது கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பி அந்த எண்ணை எழுதினார். முதல் நாள் இரண்டு. ஒற்றைப்படை எண்ணை இரண்டால் வகுக்க முடியாது என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். வகுத்து, மீதி ஒன்று என்று எழுதி வைத்தார். மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் ஐந்து. ஏழுக்கு மீதி இரண்டு, பதினொன்றுக்கு நாலு, பதிமூன்றுக்கு ஐந்து. அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை.

"அவன் ஒரு ஏமாத்துக்காரம்மா," என்றார் அக்கா. "சின்ன வயசுல, ரெண்டு ஒத்தைப்படை எண்ண கூட்டி ஒத்தைப்படை வரவெய்யி, முட்டாய் தரேன்னான். மூணு நாள் போட்டேன். எங்க வரும்? அது வரவே வராது. உருண்டு பொரண்டு சிரிச்சான். அந்த மாதிரி இதுவும் ஒரு ஒண்டிக்கட்டைய எழுதிக் குடுத்துட்டு, அக்கா தேடிக்கினு கெடக்கட்டும்னு போனானா, இல்ல உள்ள நெஜமாவே எதனா வச்சிட்டுப் போனானா. அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

அதற்கப்புறம் முழங்கை இடித்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கனவிலும் அந்த எண் வரும் என்பார். எட்டு அறை உள்ள வீடு. ஒவ்வொரு அறையிலும் ஒரு இலக்கம் உட்கார்ந்திருக்கும். முதல் அறையில் இரண்டு, அடுத்ததில் எட்டு, கடைசி அறையில் ஒன்பது. ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே போவாராம். "தம்பி எந்த ரூம்லயும் இல்ல. ஆனா எங்கயோ செருமற சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருக்குது," என்பார். எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவருக்கு அது பயமாக இல்லை. அந்தக் கனவு வந்த காலையில் முகம் தெளிவாக இருக்கும்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. ஜெராக்ஸ் தாளில் முதல் பக்கம் முடிந்து, இரண்டாம் பக்கத்தில் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டார். எங்கே நிறுத்துவது என்பதையும் அவர்தான் எனக்கு விளக்கினார். "ரெண்டா உடையிற எண்ணுல ஒருத்தன் சின்னவன் இருப்பான்ல. அந்தச் சின்னவன் இந்த எண்ணுக்கு 5317-ஐ தாண்ட மாட்டான். தாண்டுனா ரெண்டு பேரையும் பெருக்குனா எண்ணு பெருசா பூடும். அதுக்குள்ள கெடைக்கலன்னா ஒண்டிக்கட்டைதான்."

5279 போட்ட அன்று, பட்டியலில் 5317-க்குள் மிச்சம் நாலே எண்கள். 5281, 5297, 5303, 5309. அக்கா தாளை மடித்து வைத்துவிட்டு, "ஏமாத்திட்டான் போலம்மா," என்றார். அழவில்லை. ஆனால் அன்று முழுக்கச் சிரிக்கவும் இல்லை. சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டி வழக்கம்போலக் கேட்டபோது, "எதுவா இருந்தா இன்னாப்பா," என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. போனில் போட்டால் உன்னிடம் பேசவே மாட்டேன் என்று அவர் முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். போட்டேன். நான் வாக்குக் காப்பாற்றுகிற ரகம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். மருந்துக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எட்டு இலக்கத்தையும் தட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

3571 × 7919.

உடைகிறது. உடைகிறது. அக்கா 3571-ஐ எப்போதோ தாண்டி வந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. எங்கேயோ கை தவறிவிட்டது.

சொல்லிவிடலாம். ஆனால் போனில் வந்த விடையை அவர் காதில் போட்டால் அது தம்பி கொடுத்த கணக்கு இல்லை, நான் கெடுத்த கணக்கு. சொல்லாமல் விட்டால் நாலு நாளில் அந்த மனுஷி தன் தம்பி வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று நம்பிவிடுவார். மீதி வாழ்நாள் முழுக்க நம்புவார். 5281 போனது. 5297 போனது. 5303 போனது. மூன்று காலையும் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வந்தேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக இருந்தது.

கடைசி நாள், அணை தாண்டியும் அக்கா பேனாவைத் திறக்கவில்லை. தாளில் 28278749 மட்டும் எழுதியிருந்தார். பக்கத்தில் 5309 எழுதக் கை வரவில்லை. மலைப்பாதையின் முதல் வளைவில் மேகம் வந்து ஜன்னலை மூடியது.

"அக்கா, அதுக்கு முன்னாடி ஒரு பழைய கணக்க இன்னொரு தபா போடுங்க," என்றேன். "3571."

திரும்பி என்னைப் பார்த்தார்.

"போன்ல போட்டியா?"

"போட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மூன்று வளைவு கடந்தது. நாலாவது வளைவில் பேனா திறக்கிற சத்தம் கேட்டது.

எழுதினார். ஏழு தடவை. கழித்தார், 3281. ஏழை இறக்கினார். ஒன்பது தடவை. கழித்தார், 678. நாலை இறக்கினார். ஒரு தடவை. கழித்தார், 3213. ஒன்பதை இறக்கினார், 32139. அங்கே கை நின்றது. ஒன்பது தடவை பெருக்கினால் 32139 என்று இரண்டு வரிக்கு மேலேயே எழுதியிருந்தார். அதையே கீழே எழுதினார். கழித்தார். சைபர்.

அக்கா அதைச் சுற்றி வட்டம் போடவில்லை. விரல் நுனியால் தொட்டுக்கொண்டே இருந்தார். மை அழிந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. வெகுநேரம் கழித்து, "உள்ளதான் இருந்திருக்கான்," என்றார்.

பிறகு ஜெராக்ஸ் தாள் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். 3571, முதல் பக்கத்தின் கடைசி எண். 7919, இரண்டாம் பக்கத்தின் கடைசி எண். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். "சோம்பேறிப் பய. தேடக்கூட இல்ல பாரு. ரெண்டு பக்கத்துக் கடைசியையும் எடுத்து பெருக்கிட்டு குடுத்துட்டான்." முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

மறுநாள் அக்கா பழைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். நூறு நூறாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்ததில் அது ஒரு கட்டின் கடைசித் தாள். பார்த்தோம். 678 என்று எழுத வேண்டிய இடத்தில் 687. அதனால் கடைசியில் மீதி 900 என்று வந்து, அதைச் சுற்றி அழகாக வட்டம். நான் தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

முந்தின நாள் தாளில்தான் அவர் கணக்குப் போடுவார். அப்படியென்றால் அந்தத் தேதிக்கு மறுநாள். அது எனக்கு மறக்கக்கூடிய நாளா? எனக்கு இரண்டாவது முறையும் கரு வயிற்றில் தங்காமல் போய், ஒரு வாரம் கழித்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள். கச்சிராயபாளையம் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். அணைத் தண்ணீரைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன். அக்கா எழுதிக்கொண்டிருந்த தாளைப் பாதியில் மடித்துப் பையில் போட்டுவிட்டு, வெள்ளிமலை வரும்வரை என் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மிச்சக் கணக்கை அன்று அலுவலகத்தில் எங்கேயாவது நின்றுகொண்டு முடித்திருப்பார்.

"என்னாலதாங்க்கா," என்றேன். "இருநூறு நாள். வீணா போச்சு. நான் அன்னிக்கு அழுவாம இருந்திருந்தா அன்னிக்கே கெடைச்சிருக்கும்."

"அழுவாம எப்டி இருப்ப," என்றார். அவ்வளவுதான். தாளை என் கையிலிருந்து வாங்கி நூலில் சேர்த்துக் கட்டினார். கோபம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஏதோ வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

மேலே ஏற ஏற வெயில் வந்துவிட்டது. மேகமெல்லாம் கீழே கிடந்தது. நாங்கள் அதற்கு மேலே போய்க்கொண்டிருந்தோம்.

"ராத்திரி அந்தத் தாள எண்ணிப் பாத்தேம்மா," என்றார் அக்கா. "மொத பக்கத்துல பத்து பத்தி. பத்திக்கு அம்பது எண்ணு. ஐநூறு."

எனக்கு உடனே புரியவில்லை.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடணும்னு சொன்னான்ல. ரெண்டுல ஆரம்பிச்சா ஐநூறாவது நாள் 3571. அன்னிக்கு ஒடையணும். அதுக்குத்தான் அந்த எண்ண எடுத்துருக்கான்."

"அப்ப சோம்பேறித்தனம் இல்லையாக்கா?"

"எங்கேருந்து. படுத்துக்கினே கணக்கு போட்டிருக்கான். தான் போனப்புறம் அக்கா காலையில எந்திரிச்சி இன்னா பண்ணும்னு யோசிச்சிருக்கான். ஐநூறு நாளைக்கு ஒரு வேலைய வச்சிட்டா, அதுக்குள்ள அக்கா தேறிடும்னு நெனச்சிருக்கான்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பஸ் வெள்ளிமலைக்குள் நுழைந்தது. நான் தோளைத் தட்டுவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார்.

"சின்ன வயசுலேருந்து அவன் போட்ட கணக்குல ஒரு தப்பு வந்து நான் பாத்ததில்லம்மா," என்றார். "இது ஒண்ணுதான்."